பாட்டி கேட்ட விருத்தாசலம் பாட்டு எந்த சிடியில் இருக்கிறது? வீட்டு தேவாரத் தொகுப்புக்குள் நுழைய இரண்டு கதவுகள்

கள்ளக்குறிச்சியில் ஏதோ ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். டிவி ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய சிடிக்கள். சினிமாப் பாட்டு ஒரு பெட்டி, சாமி பாட்டு ஒரு பெட்டி. சாமி பாட்டுப் பெட்டியில் பாதிக்கு மேல் தேவாரம். தாத்தா இருந்தவரை விடியற்காலை ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார். இப்போது தாத்தா இல்லை, பெட்டி இருக்கிறது. சில சிடிக்களுக்கு உறை இல்லை. சிலவற்றின் மேல் மார்க்கரில் ‘தேவாரம் 3’, ‘சம்பந்தர் – நல்லது’ என்று தாத்தாவின் கையெழுத்து. ஒருநாள் பாட்டி கேட்கிறார்: “கண்ணு, எங்க ஊர் விருத்தாசலத்துப் பாட்டு ஒண்ணு இதுல இருக்கும். தாத்தா அடிக்கடி போடுவாரு. அதைக் கொஞ்சம் போடேன்.”

பேரப்பிள்ளை என்ன செய்வார்? முதல் சிடியைப் போட்டு, அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போவார். ஒரு ஆடியோ சிடியில் 74 முதல் 80 நிமிடம் வரை பாட்டு இருக்கும். 30 சிடி இருந்தால் எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டு முடிக்கவே 35 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேட்டாலும் எது விருத்தாசலம் என்று எப்படித் தெரியும்? பாட்டில் அந்த ஊர் ‘முதுகுன்றம்’ என்றுதானே வரும்!

யூடியூபில் தேடலாமே என்று தோன்றும். பாட்டின் முதல் அடி தெரிந்தால் நொடியில் கிடைத்துவிடும். தெரியாதவர் என்ன டைப் செய்வது? தேடல் பெட்டிக்குத் தேவை ஒரு சொல். பாட்டியிடம் இருப்பதோ ஓர் ஊர், ஒரு ராகத்தின் நினைவு.

இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய தீர்வு இருக்கிறது. தேவாரப் புத்தகத்தின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் யாரும் புரட்டாத சில அட்டவணைகள் உண்டு. அவற்றைத் துணைக்கு வைத்துக்கொண்டால், எடைக்குப் போக இருந்த பெட்டியிலிருந்து கேட்க வேண்டியதைத் தேடி எடுக்கலாம்.

சிடிக்குத் தன் பெயர் தெரியாது

முதலில் ஒரு சங்கதி. 1982-ல் சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த ஆடியோ சிடியில் பாட்டு இருக்கும், அது எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு இருக்கும். பாட்டின் பெயர் பொதுவாக இருக்காது. அதனால்தான் கம்ப்யூட்டரில் போட்டு போனுக்கு மாற்றினால் ‘டிராக் 01, டிராக் 02’ என்று மொட்டையாக வருகிறது. சில மென்பொருட்கள் பெயரைக் காட்டுமே என்றால், அந்தப் பெயர் சிடியிலிருந்து வந்ததல்ல. சிடியில் எத்தனை டிராக், ஒவ்வொன்றும் எத்தனை நீளம் என்று பார்த்து, இணையத்தில் உள்ள ஒரு பட்டியலிடம் ‘இப்படி ஒரு சிடி உனக்குத் தெரியுமா’ என்று விசாரித்து வாங்கி வந்தது. 1993-ல் ‘சிடிடிபி’ என்ற பெயரில் இந்தப் பழக்கம் தொடங்கியது. பிறகு ‘மியூசிக்பிரெயின்ஸ்’ போன்றவை வந்தன. யாரோ ஒருவர் உட்கார்ந்து டைப் செய்து ஏற்றிய சிடிக்குத்தான் பெயர் வரும். சிறு நிறுவனங்கள் வெளியிட்ட பக்திப் பாடல் சிடிக்களை அங்கே எதிர்பார்ப்பது வீண்.

ஒலிப்பதிவின் ஆரம்ப காலத்திலும் இதே தலைவலிதான். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய இசைத்தட்டுகளில், பாட்டு முடிந்ததும் அவரே தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வது பதிவாகியிருக்கும். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்கள் லேபிளை மாற்றி ஒட்டிவிடக் கூடாது அல்லவா? தேவார சிடிக்களிலும் இந்த உதவி சிலவற்றில் கிடைக்கும். ‘திருச்சிற்றம்பலம்’ சொன்ன கையோடு, யார் பாடியது, எந்தத் தலம், என்ன பண் என்று சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடங்கும் பதிவுகள் உண்டு. ஒவ்வொரு டிராக்கிலும் முதல் அரை நிமிடத்தைப் பொறுமையாகக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடலாம்.

பண்முறை, தலமுறை

சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரின் தேவாரமும் பன்னிரு திருமுறைகளில் முதல் ஏழு. ஏறத்தாழ 800 பதிகங்கள், 8,200-க்கும் மேற்பட்ட பாடல்கள். இவ்வளவு பெரிய தொகுப்பை அடுக்க நம்மவர்கள் இரண்டு வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள்.

ஒன்று, பண்முறை. ஒரே பண்ணில் அமைந்த பதிகங்களை ஒன்றாக வைப்பது. சம்பந்தரின் முதல் திருமுறையை எடுத்தால் 1 முதல் 22 வரை நட்டபாடை, 23 முதல் 46 வரை தக்கராகம், பிறகு பழந்தக்கராகம், தக்கேசி, குறிஞ்சி, வியாழக்குறிஞ்சி, மேகராகக்குறிஞ்சி என்று போய், கடைசியாக 136-வது பதிகம் யாழ்முறி. இன்னொன்று, தலமுறை. சிதம்பரத்தில் தொடங்கி ஊர் ஊராக அடுக்குவது. ஓர் ஊரைப் பற்றி மூவரும் பாடியது எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும். அச்சுப் புத்தகங்கள் இரண்டு விதமாகவும் வந்திருக்கின்றன. பண்முறைப் புத்தகம் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். நல்ல பதிப்பில் தல அகராதியும், பாட்டு முதற்குறிப்பு அகராதியும் தனியே கொடுத்திருப்பார்கள்.

இந்த இரண்டையும் இணைக்கும் முடிச்சு ஓர் எண். ‘1.131’ என்றால் முதல் திருமுறை, 131-வது பதிகம். புத்தகத்திலும் இதே எண், இணையதளங்களிலும் இதே எண். ஐரோப்பிய இசை ரசிகர்களுக்கு இது பழக்கமான விஷயம். மொசார்ட்டின் படைப்புகளை லுட்விக் ஃபான் கோகெல் என்பவர் 1862-ல் வரிசைப்படுத்தி எண் கொடுத்தார். இன்றைக்கும் மொசார்ட் சிடி எதை எடுத்தாலும் ‘கே’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். யார் வாசித்தாலும், எந்தக் கம்பெனி வெளியிட்டாலும் அந்த எண் மாறாது. தேவாரத்துக்கும் அப்படி ஒரு முகவரி இருக்கிறது. ஆனால் நம் சிடி உறைகளில் அதை அச்சிடுவது அபூர்வம். முதல் அடியை மட்டும் போட்டுவிட்டு, பாடகரின் படத்தைப் பெரிதாகப் போடுவார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். உறையில் முதல் அடி இருந்தால், முதற்குறிப்பு அகராதியில் அதைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடித்து உறையின் மேல் பென்சிலால் எழுத வேண்டும். உறையே இல்லாவிட்டால் கேட்டு எழுதிக்கொண்டு தேட வேண்டும். ஒரு சிடிக்கு எட்டுப் பத்துப் பதிகம் இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் நாலைந்து சிடி முடிந்துவிடும்.

ஓர் ஊர், ஏழு பண்

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். தல அகராதியில் ‘முதுகுன்றம்’ என்று பார்த்தால், சம்பந்தர் மட்டும் அந்த ஊருக்கு ஏழு பதிகம் பாடியிருப்பது தெரியும். 1.12, 1.53, 1.93, 1.131, 2.64, 3.34, 3.99. மூன்று திருமுறைகளில் சிதறிக் கிடப்பவை. சிடிக்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகிறவருக்கு, இவை ஏழும் ஒரே ஊரைப் பற்றியவை என்பது தெரியவே வாய்ப்பில்லை.

அந்த எண்களோடு பண் அட்டவணைக்குப் போனால்தான் சுவாரசியம். ஏழும் ஏழு பண்! நட்டபாடை, பழந்தக்கராகம், குறிஞ்சி, மேகராகக்குறிஞ்சி, காந்தாரம், கொல்லி, சாதாரி. ஒரே கோயில் வாசலில் நின்று, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இசையில் பாடியிருக்கிறார்.

பண்ணின் பெயர் பலருக்குப் பழக்கமில்லை. ராகத்தின் பெயர் கொஞ்சம் பழக்கம். ஓதுவார்கள் இன்று பாடும் வழக்கப்படி நட்டபாடை நாட்டை ராகத்தில் வரும். பழந்தக்கராகம் சுத்த சாவேரி, குறிஞ்சி ஹரிகாம்போஜி, மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி, சாதாரி பந்துவராளி. பந்துவராளி எப்படி இருக்கும் என்று யோசிப்பவர்கள் ‘அபூர்வ ராகங்கள்’ (1975) படத்தில் வாணி ஜெயராம் பாடிய ராகமாலிகையின் தொடக்கத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம். அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு அது. நீலாம்பரி தாலாட்டு ராகம். வீட்டில் குழந்தை இருந்தால் 1.131-ஐப் போட்டுப் பார்க்கலாம்.

மிச்சம் இருப்பவை காந்தாரமும் கொல்லியும். இரண்டையுமே இப்போது நவரோஸ் ராகத்தில்தான் பாடுகிறார்கள். ஏட்டில் ஏழு பண், காதுக்கு வருவது ஆறு ராகம். ஒரு காலத்தில் இரண்டு பெயர் வைக்கும் அளவுக்கு இருந்த வித்தியாசம் எங்கேயோ கரைந்துவிட்டது. அட்டவணை மட்டும் அதை மறக்காமல் வைத்திருக்கிறது. 2.64-ஐயும் 3.34-ஐயும் அடுத்தடுத்துக் கேட்டால் இது புரியும். பெட்டியில் இரண்டும் இருந்தாலும், எண் தெரியாமல் அவற்றை அடுத்தடுத்துக் கேட்க யாருக்கும் தோன்றாது.

எந்தப் பண்ணுக்கு எந்த ராகம் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 1943-ல் தொடங்கிய சென்னை தமிழ் இசைச் சங்கம், 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தி இதைத்தான் விவாதித்து வந்தது. அதனால் வீட்டிலுள்ள ஒரு பதிவு மேலே சொன்ன பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்றால், பாடியவர் தப்பாகப் பாடிவிட்டார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவர் வேறு வழியில் கற்றவராக இருக்கலாம். அதையும் பென்சிலால் குறித்து வைக்கலாம்.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை

விருத்தாசலம் கடலூர் மாவட்டம். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு அதில் என்ன உரிமை என்று கேட்கலாம். அந்தக் கோயிலை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு பிறப்பது கல்வராயன் மலையில்தான். கள்ளக்குறிச்சி வழியாகப் போகும் கோமுகி ஆறும் அதே மலையில் பிறந்து மணிமுத்தாற்றில்தான் சேர்கிறது. முதுகுன்றப் பதிகங்களில் மணிமுத்தாறு திரும்பத் திரும்ப வரும். மலையில் பெய்தால்தான் அந்த ஆற்றில் தண்ணீர். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

மேகராகக்குறிஞ்சி மழைக்கான பண் என்பது நீண்ட நாள் நம்பிக்கை. தமிழகம் தண்ணீருக்குத் தவித்த 2019 கோடையில், கோயில்களில் மழை வேண்டி வழிபாடு நடத்தச் சொல்லி இந்து சமய அறநிலையத் துறை அனுப்பிய சுற்றறிக்கையில், சம்பந்தரின் மழைப் பதிகத்தை மேகராகக்குறிஞ்சியில் பாட வேண்டும் என்றும் இருந்தது. பாடினால் மழை வருமா என்பது வேறு விவாதம். அப்போதே சமூக வலைதளங்களில் வேண்டிய அளவு நடந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, ஓர் அரசுத் துறையே பாட்டைப் பண்ணின் பெயரால் அழைத்துத் தேடச் சொன்னது. முதல் திருமுறையில் 129 முதல் 135 வரை ஏழு பதிகங்கள் இந்தப் பண். நடுவில் 131 என்று முதுகுன்றம் இருக்கிறது. அதே 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகவும் ஆனது.

சொந்த மாவட்டத்துப் பாட்டு வேண்டும் என்பவர்கள் ‘கோவலூர் வீரட்டம்’ என்று பார்க்கலாம். இன்றைய திருக்கோவிலூர். சம்பந்தர் 2.100, அப்பர் 4.69. சம்பந்தருடையது நட்டராகம் என்ற பண். அதுவும் இன்று பந்துவராளியில்தான் பாடப்படுகிறது. அப்பருடைய பதிகத்துக்கு அட்டவணையில் பண் பெயர் இருக்காது. ‘திருநேரிசை’ என்று இருக்கும். அப்பரின் பதிகங்களில் பெரும்பாலானவை நேரிசை, விருத்தம், குறுந்தொகை, தாண்டகம் என்று யாப்பு வகையால் அடுக்கப்பட்டவை. அட்டவணையைப் புதிதாகப் புரட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் குழம்பிவிடுவார்கள். தென்பெண்ணைக்கு அக்கரையில் இருக்கும் அறகண்டநல்லூருக்கு ‘அறையணிநல்லூர்’ என்று தேட வேண்டும். சம்பந்தர், 2.77, காந்தாரம். ஊர்ப் பெயர் மாறியிருப்பதுதான் தல அகராதியில் வரும் முதல் தடை. பாடல் பெற்ற தலங்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கில் 274; அவற்றில் நடுநாட்டில் இருப்பவை 22. அந்த 22 பெயர்களையும் இன்றைய பெயர்களோடு ஒரு தாளில் எழுதி, பெட்டியின் மூடியில் ஒட்டிவிட்டால் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் போதும்.

மூன்றாவதாக ஒரு சின்னக் கதவும் உண்டு. எல்லாவற்றையும் கேட்க நேரமில்லை, எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்காகவே பெரியவர்கள் திரட்டு நூல்கள் செய்து வைத்திருக்கிறார்கள். ‘அகத்தியர் தேவாரத் திரட்டு’ 25 பதிகங்கள்தான்.

கறையானும் பாணர் குலப் பெண்ணும்

இந்தப் பண் அட்டவணை எங்கிருந்து வந்தது? உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் ‘திருமுறை கண்ட புராணம்’ ஒரு கதை சொல்கிறது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தன. சோழ மன்னரும் (ராஜராஜ சோழன் என்பது பலரின் கருத்து) நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறந்தபோது கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றை அகற்றி, அரித்தது போக மிஞ்சிய ஏடுகளை எடுத்துத் தொகுத்தார்கள்.

கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிட்டது போல் சொல்லப்படும். ஆனால் மீட்ட ஏட்டில் சொல்தானே இருந்தது? எப்படிப் பாடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சம்பந்தரோடு யாழ் வாசித்துக்கொண்டே ஊர் ஊராகச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் சொந்த ஊர் எருக்கத்தம்புலியூர். அந்தப் பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைக் கொண்டே பாடல்களுக்குப் பண் வகுத்தார்கள் என்கிறது புராணம். அவர் பெயர் சொல்லப்படவில்லை. எருக்கத்தம்புலியூர் இன்று ராஜேந்திரப்பட்டினம், விருத்தாசலத்துக்குப் பக்கம். புத்தகத்தில் ‘பண்: மேகராகக்குறிஞ்சி’ என்று ஒரு வரியைப் பார்க்கும்போது, புராணத்தின்படி அந்த வரிக்கு மூலம் ஏடு அல்ல, ஒரு பெண்ணின் குரல்.

முதல் திருமுறையின் கடைசிப் பதிகமான 1.136-க்கும் இந்த யாழ்ப்பாணர்தான் காரணம். தன் யாழ் வாசிப்பால்தான் சம்பந்தரின் பாட்டு சிறக்கிறது என்று உறவினர்கள் பேசியதைக் கேட்டு மனம் நொந்து, யாழில் அடங்காத ஒரு பாட்டைப் பாடும்படி அவரே வேண்டிக்கொண்டாராம். அப்படிப் பிறந்தது யாழ்முறி. முயன்று பார்த்துத் தோற்று, யாழையே உடைக்கப் போனார் என்று பெரிய புராணம் சொல்கிறது. ஓதுவார்கள் அதை அடாணாவில் பாடுவார்கள். இந்தக் கதை தெரிந்த பிறகு கேட்டால் அந்த டிராக் வேறு மாதிரி ஒலிக்கும்.

சிடிக்கும் கறையான் உண்டு

அட்டைப்பெட்டியில் இருக்கும் சிடிக்கும் ஆயுள் கணக்கு உண்டு. சிடியில் பளபளவென்று தெரியும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பத்திரமாகப் பார்ப்பார்கள். உண்மையில் ஆபத்து அதிகம் மேல் பக்கத்தில். பாட்டைத் தாங்கும் உலோகப் படலம் லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால், ஸ்டிக்கரை ஒட்டி உரித்தால் போய்விடும். துடைப்பதென்றால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. கடையில் ‘எழுதி’ வாங்கிய சிடி இன்னும் பலவீனமானது. அதில் பாட்டைத் தாங்குவது சாயப் படலம். வெயிலும் வெப்பமும் பட்டால் மங்கும். ‘சம்பந்தர் – நல்லது’ என்று மார்க்கரில் எழுதியிருக்கிறதே, அந்த மாதிரி சிடிக்களைத்தான் முதலில் போனுக்கோ பென் டிரைவுக்கோ மாற்ற வேண்டும். மாற்றும்போது ‘டிராக் 04’ என்று விட்டுவிடாமல் ‘1.131 முதுகுன்றம் மேகராகக்குறிஞ்சி’ என்று கோப்புக்குப் பெயர் வைத்தால், தாத்தாவின் பெட்டி முழுவதையும் அப்புறம் போனிலேயே ஊர் வாரியாகவும் பண் வாரியாகவும் தேடலாம்.

புத்தகம் கையில் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தி.வே. கோபாலய்யர் பதிப்பித்த தேவாரத்தை 1984, 1985-ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அதை அடிப்படையாக வைத்து ழான் லுக் செவியார், எஸ்.ஏ.எஸ். சர்மா இருவரும் உருவாக்கிய ‘டிஜிட்டல் தேவாரம்’ 2007-ல் சிடி ரோமாகவே வந்தது. சொல்லடைவும் தலங்களின் வரைபடங்களும் அதில் உண்டு. பின்னர் இணையத்திலும் வைத்தார்கள். பன்னிரு திருமுறையும் பாடல், உரை, ஓதுவார் குரலோடு கிடைக்கும் தளங்களும் இருக்கின்றன. தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற பெரிய ஓதுவார்களின் பதிவுகளை அங்கே எண் கொடுத்தே கேட்கலாம். அப்படியானால் பழைய சிடி எதற்கு என்று தோன்றலாம். இணையத்தில் இருப்பது ஒரு பாட்டின் ஒரு பதிவு. பெட்டியில் இருப்பது வேறொருவர் பாடியதாக இருக்கலாம். உள்ளூர்க் கோயில் விழாவில் பதிவு செய்ததாகக்கூட இருக்கலாம். அதற்கு வேறு பிரதி எங்கும் இல்லாமல் போகலாம். தவிர, கல்வராயன் மலையில் இணையத்தை நம்பிப் பாட்டுக் கேட்க முடியாத ஊர்கள் பல. அங்கே பென் டிரைவும் சிடியும்தான் இன்னமும் துணை.

அட்டவணையில் இல்லாத பாட்டு

மலை என்றதும் ஒரு விஷயம் உறுத்துகிறது. தலமுறையில் மலையில் பிறந்த ஆறு இருக்கிறது. அந்த மலையில் வாழ்பவர்களின் பாட்டு இல்லை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஜாகிர்தார்களின் கீழ் இருந்த மலை, 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கல்யாணம், சாவு, நடவு, திருவிழா என்று பாட்டில்லாத நிகழ்ச்சி அங்கே குறைவு. அவற்றுக்கு முதற்குறிப்பு அகராதி இல்லை, எண் இல்லை. இன்றைக்கு அந்தப் பாட்டுகள் இருப்பது பெரியவர்களின் நினைவிலும், கல்யாண வீடியோ சிடிக்களிலும், யாரோ போனில் எடுத்த பதிவுகளிலும்தான். அதிலும் பாதி, ‘ஆடியோ 0023’ என்ற பெயரில்.

தேவாரத்துக்குச் செய்ததையே இதற்கும் செய்யலாம். பெரிய படிப்பு தேவையில்லை. யார் பாடினார், எந்த ஊர், என்ன நிகழ்ச்சி, எந்தத் தேதி. நான்கு தகவல்களைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடலாம். பாடியவர் அருகில் இருக்கும்போதே கேட்டு எழுதுவது நல்லது. எருக்கத்தம்புலியூரில் ஒரு பெண் கிடைத்தார். எல்லாப் பாட்டுக்கும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

சரி, பாட்டி காத்திருக்கிறார். பெட்டியில் முதுகுன்றப் பதிகம் ஏழும் இருக்கும் என்று உறுதியில்லை. இரண்டோ மூன்றோ கிடைத்தால் அதிர்ஷ்டம். தாத்தா அடிக்கடி போட்டது எது என்பதை அட்டவணை சொல்லாது. கிடைத்ததை ஒவ்வொன்றாகப் போட்டு, பாட்டியின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அது கிடைத்துவிட்டால் ‘எ’ வரிசைக்குப் போகலாம். எருக்கத்தம்புலியூர், 1.89, குறிஞ்சி. பண்களை மீட்டுக் கொடுத்த அந்தப் பெண்ணின் ஊருக்கும் சம்பந்தர் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். விருத்தாசலத்திலிருந்து அதிக தூரமில்லை. பாட்டிக்குத் தெரிந்த ஊராகவே இருக்கும்.